உத்திராபதியின் இரண்டு கடிவாளங்கள்

“நான் ஏறின குதிரை என் பேச்சை ஒரு தடவையாவது மீறிச்சுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம். தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு ஆளு சொல்ல முடியாது. குதிரையே சொல்லாது.”

வெண்ணிலைக்குடி உத்திராபதி இப்படி அறிவித்தது அறுபத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில், மிராசுதார் சாரங்கபாணியின் நெற்களத்தில், நாற்பது பேர் கூடியிருந்தபோது. தேர்தல் நடந்த சமயம் அது. ஜில்லா முழுக்கப் பெரிய வார்த்தைகள் தாராளமாகக் கிடைத்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். உழுகிறவனுக்கே நிலம் என்றார்கள். இவற்றுக்கு நடுவே, ஒரு மட்டக் குதிரை சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது மிகவும் அடக்கமான வாக்குறுதி. ஆகவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. நெல் தூற்றிக்கொண்டிருந்த எல்லையம்மாள் மட்டும் முறத்தை நிறுத்தினாள்.

“பொண்டாட்டி கேக்குமா, குதிரைக்காரரே?”

“நான் குதிரையப் பத்தி மட்டுந்தான் சொன்னேன்” என்று உத்திராபதி அவசரமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் களத்தில் பலத்த சிரிப்போடு ஏற்கப்பட்டது.

பெரிய மனிதர்களின் சரித்திரம் பிறப்பிலிருந்து தொடங்கும். உத்திராபதி எந்த வருஷம் பிறந்தார் என்பது அவர் தாயாருக்கே நிச்சயமில்லை. பெரிய வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்பதில் கடைசிவரை அந்த அம்மாளுக்குச் சந்தேகம் இருந்தது. வாலிபத்தில் தஞ்சாவூரில் போலீஸ் லாயத்தில் சாணி அள்ளப் போனார். மூன்றாம் வருஷம் குதிரை மேல் ஏற்றினார்கள். ஐந்தாம் வருஷம் ஜீப் வந்தது, குதிரைகள் போயின, உத்திராபதியும் ஊர் திரும்பினார். அங்கே சாரங்கபாணி காத்திருந்தார்.

சாரங்கபாணிக்கு எழுபது வேலி நிலம். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அந்த எழுபதும் மச்சினன், மாமியார், சமையல்காரர், ஒரு பஜனை மடம் என்று பல பெயர்களில் குடியேறியிருந்தன. பண்ணைக் குதிரையின் பேரில் மட்டும்தான் பட்டா இல்லை, அதற்குக் கையெழுத்துப் போட வராது என்பதால். நிலம் யார் பேரில் இருந்தாலும் மேற்பார்வை வேண்டுமே! ஜீப் வரப்பில் ஏறாது. சைக்கிள் ஏறும், ஆனால் சைக்கிளில் வருகிற அதிகாரத்தைக் கண்டு யாரும் தலைத்துண்டை எடுப்பதில்லை. ஆகவே குதிரை. ஆகவே உத்திராபதி.

குதிரையின் பெயர் பவளம். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய செவலைப் பெண்குதிரை. ஐந்தடி உத்திராபதிக்கு ஏற்ற உயரம். அதை வரப்புக்குப் பழக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒன்றரை வருஷம். நம் வரப்புகள் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சேற்றில் இறங்க வேண்டிய அகலம்தான். அதில் ஒரு குதிரை, பயிரை மிதிக்காமல் நடக்க வேண்டும். குளம்பு வழுக்கி ஒரு நாற்று சாய்ந்தால் உத்திராபதி அங்கேயே இறங்குவார். நாற்றை நிமிர்த்தி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பவளம் நின்று பார்க்கும். ஒரு சம்பா முடிவதற்குள் அது மிதிப்பதை விட்டுவிட்டது. அடுத்து எதிரே ஆள் வந்தால் நிற்கக் கற்றுக்கொடுத்தார். ஆள் இறங்கி வழிவிட்ட பிறகே நகர வேண்டும். இதையும் பவளம் கற்றுக்கொண்டது. மனைவி தையல்நாயகியின் கணக்குப்படி, உத்திராபதி தம் வாழ்நாளில் பேசிய பேச்சில் முக்கால் பங்கு அந்த ஒன்றரை வருஷத்தில் அந்தக் குதிரையிடம் பேசியதுதான்.

இந்த வெற்றிக்குக் காரணம் கடிவாளம் என்பது உத்திராபதியின் சித்தாந்தம். பாபநாசத்தில் வண்டிக் குதிரைகளுக்குத் தோல் சாமான் தைத்துக்கொண்டிருந்த ஹாஜா மைதீனிடம் அவர் கற்றது அது. ஹாஜா மைதீன் வாயில் நூலைக் கடித்தபடியே பாடம் நடத்துவார்.

“கடிவாளம் மூணு தினுசுங்க. ஒண்ணு, வளையம். நடுவுல மூட்டு வச்சிருக்கும். குதிரை அதை மென்னுகிட்டே வரும், நாம வெத்தல போடற மாதிரி. ரெண்டாவது, நெடுங்கம்பி. நீங்க ஒரு அங்குலம் இழுத்தா தாடையில மூணு அங்குலம் எறங்கும். மூணாவது, முள்ளு. அத நான் செய்யறதில்ல.”

“ஏன் பாய்?”

“ஒரு தடவ முள்ளு பாத்த வாய்க்கு அப்புறம் வேற எதுவும் ஒறைக்காது. வளையத்துக்குத் திரும்பி வரமாட்டாங்க. எனக்கு வியாபாரம் போயிடும்ல?”

“குதிகால்ல கட்டிக் குத்தற குதிமுள்ளு?”

“அதுவும் அப்படித்தான். மொட்ட மொனையா இருந்தா குதிரைகிட்ட சேதி சொல்றீங்க. பல்லுச் சக்கரம் வச்சா சட்டம் போடறீங்க. ஒங்களுக்கு எது வேணும்?”

உத்திராபதிக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. வளையக் கடிவாளம் ஒன்று வாங்கினார். அதன் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார். மார்கழி, தை மாதங்களில் இரும்பு சில்லிட்டுக் கிடக்கும் என்று, வாயில் மாட்டுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றுவார். குதிமுள்ளே கட்டுவதில்லை. வெறுங்குதிகால்தான். கும்பகோணம் பக்கத்திலிருந்து குதிரையில் வந்த ஒரு கல்யாண மாப்பிள்ளையின் குதிமுள்ளைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குச் சொல்லி வைங்க” என்று பெண் வீட்டாரை எச்சரித்த பெருமையும் அவருக்கு உண்டு.

தேர்தல் முடிந்தபின் சாரங்கபாணியின் துண்டில் மூவர்ணக் கரை போய்க் கறுப்பும் சிவப்பும் வந்தது. வெற்றி ஊர்வலத்தில் குதிரை முன்னால் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. சென்னை ஏலக்கடையிலிருந்து ஒரு முள் கடிவாளமும், பல்லுச் சக்கரம் வைத்த பித்தளைக் குதிமுள் ஒரு ஜோடியும் வரவழைத்தார். ஏதோ ஒரு ஜமீனில் யாரோ ஒரு ராஜாவின் காலில் கிடந்தவை அவை.

உத்திராபதி வாங்கிப் பார்த்தார். “நம்ம குதிரைக்கு இது தேவப்படாதுங்கய்யா.”

“ஊருக்குத் தேவப்படும்யா. பளபளன்னு இருக்குல்ல?”

“இது இல்லாமலே நான் ஓட்டிக் காட்டறேங்க.”

காட்டினார். ஊர்வலத்தில் வேட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே பவளம் கோயில் பசு மாதிரி நடந்தது. முள் கடிவாளம் லாயத்து ஆணியில் தொங்கியது. வருஷம் ஒரு தடவை ஆயுத பூஜைக்கு அதைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி ஆணியில் மாட்டுவார் உத்திராபதி.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் சம்பா அறுவடைக்கு வந்தது. கூலியில் அரைப் படி நெல் கூட வேண்டும் என்று கூலியாட்களின் சங்கம் கேட்டது. மிராசுதார்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அது, அரைப் படியில் ஆரம்பிப்பது ரஷ்யாவில் போய்த்தான் முடியும் என்று தீர்மானம் போட்டது. இந்தக் கரையில் சிவப்புக் கொடி, அந்தக் கரையில் கறுப்பு சிவப்புத் துண்டு, நடுவில் தலை சாய்ந்து நெல். அது யார் பக்கமும் பேசாமல் உதிரத் தொடங்கியது.

சாரங்கபாணி இரண்டு லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து சாலையில் இறக்கினார். வயலுக்குப் போக ஒரே வரப்பு. அந்த வரப்பில் பதினேழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆள் எல்லையம்மாள். ஆண்கள் உட்கார்ந்தால் போலீஸ் அடிக்கும், பெண்கள் உட்கார்ந்தால் யோசிக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இரண்டு போலீஸ்காரர்கள் உண்மையாகவே சாலையோரம் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“உத்திராபதி, வரப்பக் காலி பண்ணு” என்றார் சாரங்கபாணி ஜீப்பில் இருந்தபடி.

“எப்படிங்க?”

“குதிரைய விடு. தானா எந்திரிப்பாளுவ.”

உத்திராபதி பவளத்தை வரப்பில் ஏற்றினார். எல்லையம்மாளுக்கு நாலு முழம் முன்னால் பவளம் நின்றது. எதிரே ஆள் இருக்கிறது, ஆள் இன்னும் இறங்கவில்லை. உத்திராபதி நாக்கைச் சொடுக்கினார். குதிகாலால் தட்டினார். பவளம் காதை மட்டும் திருப்பி, இந்த மனிதர் பாடத்தை மறந்துவிட்டாரா என்று கேட்பதுபோல் நின்றது.

“குதிரைக்காரரே, ஒங்க குதிரை எங்க சங்கத்துல சேந்துடுச்சு!” என்றாள் எல்லையம்மாள். “சந்தா யாரு கட்டினது, நீங்களா?”

பதினேழு பேரும் சிரித்தார்கள். லாரியில் வந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர்கள் யோசனையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். உத்திராபதி திரும்பிப் போய், இந்தத் தடவை வேகமாக வந்தார். பவளம் அதே இடத்தில் நின்று, எல்லையம்மாளின் முகத்தில் புஸ்ஸென்று ஊதியது.

“அட, கொள்ளு வாசன” என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாரங்கபாணி சிரிக்கவில்லை. உத்திராபதி ஜீப் அருகே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “இந்த ஜில்லாவுல ஒரு ஆளு சொல்ல முடியாதுன்னியே. இனிமே பதினேழு பொம்பளைங்க சொல்லிகிட்டுத் திரிவாளுவ.”

லாயம் அங்கிருந்து கூப்பிடு தூரம். உத்திராபதி வளையத்தைக் கழற்றினார். ஆணியிலிருந்து முள் கடிவாளத்தை எடுத்தார். தை மாதக் காலை, இரும்பு சில்லிட்டிருந்தது. பழக்க தோஷம், அதையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றினார். அப்படி அவர் நின்றுகொண்டிருந்தபோது தையல்நாயகி வந்தாள்.

“இத எதுக்கு எடுக்கறீங்க?”

“அதுக்குப் புத்தி சொல்லணும்.”

“சிரிச்ச சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஒரு பகல் சிரிப்பாங்க, பொழுது சாஞ்சா மறந்துடுவாங்க.”

“ஒனக்குத் தெரியாது.”

“எனக்கா தெரியாது? இருபது வருஷமா நான் ஒங்களப் பாத்துச் சிரிக்கறேன். என்ன கொறஞ்சு போனீங்க?”

அவர் குனிந்து குதிமுள்ளைக் கட்டினார். ராஜாவின் காலுக்குத் தைத்த வார் அவருக்குப் பெரிது. இன்னொரு துளை குத்திக்கொண்டார். அதற்குக்கூட நேரம் இருந்தது என்பதை இந்தச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பித்தளை மின்ன அவர் திரும்பி வருவதைப் பார்த்ததும் பெண்கள் எழ ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சேற்றில் குதித்தார்கள். எல்லையம்மாள் எழவில்லை.

“ஏண்டி ஓடறீங்க? ஒக்காருங்க. அந்தக் குதிரை அவரு பேச்சை மீறி ஒரு அடி வைக்காது. அவரு நம்ம மேல ஏத்துவாரா? நாத்து சாஞ்சாலே கண்ணுல ஒத்திக்கிற ஆளுடி அவரு.”

உத்திராபதியின் பெருமையை அந்த ஜில்லாவில் முழுசாக நம்பியது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நடந்ததைச் சாலையில் நின்றவர்கள் முதுகுப் பக்கமிருந்து பார்த்தார்கள். சேற்றில் நின்றவர்கள் கண்ணில் சேறு. வரப்பில் பவளம் முன்னங்கால்களைத் தூக்கியது தெரிந்தது. ஒரு கனைப்பு கேட்டது. அந்த மாதிரிக் கனைப்பை ஊரில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. குதிரை அந்தப் பக்கம் போய் நின்றபோது வரப்பு காலியாகியிருந்தது. எல்லையம்மாளை வைக்கோல் பரப்பிய வண்டியில் பாபநாசத்துக்கும், அங்கிருந்து தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். இடுப்பு நொறுங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

குதிரையை ஏவினார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். குதிரை மிரண்டது என்று மிராசுதார் ஆட்கள் சொன்னார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில், வெறிகொண்ட குதிரையால் மாது மரணம் என்று வந்தது. ஆர்.டி.ஓ. விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். விசாரணை முடிந்ததும் குதிரையைச் சுட்டுவிடுவது என்றும் சாரங்கபாணி முடிவு செய்திருந்தார். வெறி என்று சொல்லிவிட்டு அதற்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது அல்லவா.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். அது உத்திராபதியின் கர்வம்.

“மூணே வார்த்தை. ‘என் பேச்சை மீறிடுச்சு.’ ஒனக்கும் குத்தமில்ல, எனக்கும் குத்தமில்ல. நான் ஏறின குதிரை மீறாது கீறாதுன்னு அங்க போயி வீம்பு பேசாத. ஜெயிலுக்குப் போவ. சொல்லு பாப்போம்.”

“என் பேச்சை மீறிடுச்சுங்க” என்றார் உத்திராபதி.

“பலே. கொஞ்சம் சத்தமா சொல்லு, போதும்.”

பவளத்தின் நாக்கு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. புல் தின்ன முடியவில்லை. உத்திராபதி நொய்க்கஞ்சி ஆற்றிக் கொண்டுபோவார். அவர் கை கிட்டே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். அவர் கஞ்சியைத் தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பார். அவள் கையால் குடிக்கும். குடிக்கிற சத்தம் நின்ற பிறகு உள்ளே வந்து பாத்திரத்தைக் கழுவுவார்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லையம்மாளின் புருஷன் ராசு லாயத்து வாசலில் வந்து நின்றார். கருமாதிக்கு மழித்த தலை. உத்திராபதி பாத்திரத்தைக் கீழே வைத்தார். ஒரு அடி வாங்குவதற்குத் தயாராக நின்றதுபோல்தான் இருந்தது அவர் நின்ற விதம். ராசு அடிக்கவில்லை.

“ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேங்க. ஆசுபத்திரியில அவகிட்டக் கேட்டேன், எல்லாரும் எந்திரிச்சாங்களே, நீ ஏண்டி எந்திரிக்கலன்னு. அவரு ஏத்தமாட்டாருன்னு இருந்தேன்னு சொன்னா. கடசி நாள் வரைக்கும் அவளுக்கு வெளங்கல. குதிரை மிரண்டுடுச்சா, இல்ல…” ராசு துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். “மிரண்டுச்சுன்னா அவ நம்புனதுல தப்பில்லீங்க. புள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடுவேன். நெசம் ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

மிராசுதாரும் பத்திரிகையும் உத்திராபதிக்குக் கொடுத்த பொய்யை, இதோ செத்தவளின் புருஷனும் கை நீட்டிக் கேட்கிறார். அதைவிடச் சுலபமான பொய் ஒரு மனிதருக்கு வாய்க்காது.

“நாளைக்கு அங்க வாங்க ராசு” என்றார். ‘வாங்க’ என்று ராசுவை அந்தத் தெருவில் யாரும் கூப்பிட்டதில்லை. ராசு ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. பலகையில் பாதி அழிந்த வாய்ப்பாடு. வாத்தியார் நாற்காலியில் ஆர்.டி.ஓ. அவருக்கு வலப்பக்கம் முதல் பெஞ்சில் சாரங்கபாணி. பெண்கள் பதினாறு பேரும் சன்னல் ஓரம். கடைசிச் சுவரில் சாய்ந்து ராசு. குமாஸ்தா பேனாவை உதறிக்கொண்டார்.

“நீர் குதிரை ஏறி எத்தனை வருஷமாச்சு?”

“இருபத்திரண்டு வருஷமுங்க.”

“உம்ம குதிரை உம்ம பேச்சை மீறாதுன்னு நீர் பெருமை பேசினதா இந்தப் பொம்பளைங்க எல்லாரும் சொல்றாங்க. மெய்தானா?”

“பேசினேனுங்க.”

“அன்னைக்கு அது உம்ம பேச்சை மீறிச்சா?”

சாரங்கபாணியின் கால் ஆடுவது நின்றது.

“மீறிச்சுங்க” என்றார் உத்திராபதி.

குமாஸ்தா எழுதினார். சாரங்கபாணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ராசு கண்ணை மூடிக்கொண்டார். ஆர்.டி.ஓ. காகிதத்தை ஒதுக்கப் போனவர், முறைக்காக இன்னொரு கேள்வி கேட்டார்.

“ஒரு தடவைதானே?”

“இல்லீங்க. மூணு தடவைங்க. ரெண்டு தடவ வளையத்துல, ஒரு தடவ முள்ளுல. மூணு தடவையும் நான் ‘ஏறு’ன்னேன். அது ஏறமாட்டேன்னு நின்னுச்சுங்க.”

குமாஸ்தாவின் பேனா நின்றது. உத்திராபதி அவர் எழுதி முடிக்கக் காத்திருந்தார். சத்தமாகச் சொல்லச் சொன்னது மறந்துவிட்டதுபோல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் மிச்சத்தைச் சொன்னார்.

“நாலாவது தடவ கேட்டுச்சுங்க.”